ரெண்டில் ஏதோ ஒன்று

அய்யாவு கங்காணிக்குத் தன் தங்கை மகள்கள் இருவரில் யார் காளியம்மா, யார் பேச்சியம்மாள் என்று பதினைந்து வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் ஏற்படவில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே கூப்பிடுவார். இரண்டு பேரும் சேர்ந்தே வந்து நிற்பார்கள். ஆளுக்கொரு வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். வேலை நடந்தது.

1928ஆம் வருஷக் கடைசியில் அவருக்கு அந்த அவசியம் வந்தது. மூத்தவள் காளியம்மாவைக் கட்டிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார்.

கோத்தா திங்கியிலிருந்து படகேறி ஆற்றோடு மேலே போனால் அரை நாளில் வரும் ரப்பர் தோட்டம் அது. லயத்தில் நாற்பது குடும்பம். அதில் பாதியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அய்யாவு. தங்கை செல்லத்தையும் அவள் புருஷன் லெட்சுமணனையும் கொண்டுவந்தவரும் அவரே. லெட்சுமணன் காடு வெட்டும்போது காய்ச்சலில் செத்துப் போனான். செல்லமும் இரண்டு பெண்களும் அண்ணனின் ஆட்களாக இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம் வீட்டு வாசலில் குந்தி, கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"தை பொறந்ததும் காளியம்மாவக் கட்டிக்கிறேன். சொல்லி வையி."

"அண்ணி இருக்காங்களே அண்ணே."

"இருக்கட்டும். நான் என்ன தொரத்தவா போறேன். பதினேழு வருஷமா இருக்கா, ஒரு புழு பூச்சி இல்ல. ரெட்டையாப் பொறந்தவ வயித்துல ரெட்டைதான் தங்கும். ரெண்டும் ஆம்பளையாப் போச்சுன்னா ஒரே பேறுல வேலை முடிஞ்சிரும்."

இது எந்த வைத்தியத்திலும் இல்லை. ஆனால் அந்த லயத்தில் கங்காணி சொன்னதை மறுத்துப் பேச ஆள் இல்லை, வைத்தியமும் இல்லை.

சகோதரியின் மூத்த மகள் தாய்மாமனுக்கு என்பது வழக்கம். மாமன் வேண்டாம் என்று சொல்லலாம். பெண் அப்படிச் சொல்வதற்கு அந்த வழக்கத்தில் யாரும் இடம் விட்டு வைக்கவில்லை. இருந்தும் காளியம்மா சொன்னாள்.

"எனக்கு வேணாம்மா."

"என்னடி வேணாம்?"

"மாமா வேணாம்."

"யாருகிட்டச் சொல்ற? உங்கப்பன் செத்தப்ப நம்மளக் கப்பலேத்தி அனுப்பாம வச்சுக்கிட்டது யாரு? உரிமைக்காரன் கேக்கறான். நான் என்ன சொல்லட்டும்?"

"வேணாம்னு சொல்லு."

செல்லம் கோப்பிக் குவளையைக் கழுவப் போய்விட்டாள்.

காளியம்மாவின் மனதில் வேறு யாராவது இருந்தானா என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் இல்லை. ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்குப் பின்னால் ஒருவன் நின்றாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவளுக்கு வயது பதினைந்து, மாமனுக்கு முப்பத்தெட்டு, அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் இவ்வளவுதான். இது போதும்.

மறுநாள் வெட்டுக்காட்டில், பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று மரத்தைச் சீவிக்கொண்டே அக்காளும் தங்கையும் பேசினார்கள்.

"கூத்துல வர்ற ரெட்டைப் பொறப்பு ஆள் மாறிக்கும், பாத்திருக்கியா?" என்றாள் பேச்சியம்மாள்.

"மாறினா?"

"உனக்குப் பதிலா நான் போறேன்."

"போயி?"

பேச்சியம்மாள் மூன்று மரம் வரைக்கும் யோசித்தாள்.

"போயி மாமாவுக்கு வாக்கப்படுவேன்."

"அப்ப யாரு அழுவா?"

"நான்."

"அதுக்கு நானே அழுதுட்டுப் போறேன். மரத்தப் பாத்து வெட்டு, பட்டை காயமாவுது."

கதைகளில் ஆள் மாறாட்டம் ராஜகுமாரர்களுக்கு உதவுகிறது. ஒருவன் அரண்மனையில் இருந்தால் இன்னொருவன் குடிசையில் இருப்பான், மாறிப் போக ஒரு இடம் இருக்கும். இவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் புரண்டாலும் மாமன் வீடு ஐந்து கதவு தள்ளித்தான் இருந்தது.

இன்னும் பத்து மரம் தாண்டிப் பேச்சியம்மாள் திரும்பவும் ஆரம்பித்தாள்.

"நீ மூத்தவன்னு யாரு சொன்னா?"

"கருப்பாயி ஆயா. நான்தான் மொதல்ல வந்தேனாம்."

"மொதல்ல வந்தா மூத்தவளா? மூட்டையில மொதல்ல போட்டது கடைசியாத்தான் வெளிய வரும்னு ஊர்ல சொல்லுவாங்களாம். அப்படிப் பாத்தா நான் மூத்தவ."

"அப்ப உன்னக் கட்டிக்குவாரு."

"ஒத்துக்கிட்டாத்தானே? பாதி லயம் அப்படிச் சொல்லட்டும், பாதி இப்படிச் சொல்லட்டும். இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள தையும் போயிரும், மாசியும் போயிரும்."

அன்று சாயங்காலமே பேச்சியம்மாள் இந்தச் சந்தேகத்தை மாரியம்மன் கோயில் பூசாரி ஐயாசாமியிடம் கொண்டுபோய் வைத்தாள். ஐயாசாமி வாரத்தில் ஆறு நாள் களை வெட்டுபவர், ஏழாம் நாள் பூசாரி. யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டதும் ரொம்பச் சந்தோஷப்பட்டார். பின்னால் வந்ததுதான் மூத்தது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிள்ளைக் கொட்டகையில் தொட்டில் ஆட்டுகிற, பிரசவமும் பார்க்கிற கருப்பாயி இதைக் கேட்டுவிட்டுக் கோயிலுக்கே வந்தாள்.

"வாசல்ல மொதல்ல வந்தவதான் மூத்தவ. உள்ள யாரு மொதல்ல போனான்னு நான் என்ன வெளக்குப் புடிச்சா பாத்தேன்?"

"அரிசி மூட்டையில அடியில கெடக்கறதுதானே கருப்பாயி மொதல்ல போட்டது?"

"பொம்பள வயிறு அரிசி மூட்டை இல்ல பூசாரி."

"பின்ன என்ன?"

"உனக்குச் சொன்னா வெளங்காது. நீ போயிக் களை வெட்டு."

லயம் இரண்டாகப் பிரிந்தது. குழாயடியில் ஒரு கட்சி, கள்ளுக்கடையில் ஒரு கட்சி. ஒருவன் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடமே போய்க் கேட்டான். வெள்ளைக்காரர் வழக்கத்தில் முதலில் வந்த பிள்ளைதான் மூத்தது, சொத்து முழுவதும் அதற்கே போகும் என்று கிராணி சொன்னார். லயத்தில் யாருக்கும் சொத்து இல்லாததால் அந்த வழக்கம் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டார்கள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. பிறந்து பதினைந்து வருஷத்தில் அந்தப் பெண்களைப் பற்றி ஆண்கள் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. அவர்களில் ஒருவரும் அந்தப் பெண்களிடம் எதுவும் கேட்கவில்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை கங்காணி குழாயடிக்கு வந்து நின்றார். எல்லோரும் இருந்தார்கள்.

"மூத்தது எதுவோ இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "எனக்கு ரெண்டுல ஏதோ ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கெழம அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். செவப்பு வந்தா காளி, வெள்ளை வந்தா பேச்சி. அதுக்கப்புறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

பூக்கட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது அம்மன் சொன்ன பதில். அம்மன் சொன்ன பிறகு அப்பீல் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் பேச்சியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"இப்ப நானும் மாட்டிக்கிட்டேன்."

"உன்ன யாரு மாட்டிவிட்டா?"

"நான்தான்."

"தெரிஞ்சா சரி" என்றாள் காளியம்மா.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, கோப்பைகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தபோது, கங்காணியின் பெண்சாதி தனலெட்சுமி வெட்டுக்காட்டுக்குள் வந்தாள். அவள் வேலைக்குப் போகிறவள் இல்லை. யாரிடமும் அதிகம் பேசுகிறவளும் இல்லை. சேலையில் ஒட்டுப்புல் அப்பியிருந்தது. ஒரு மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"பேச்சி, இங்க வா. காளி, நீயும் கேட்டுக்க."

இரண்டு பேரும் வாளியை இறக்கி வைத்தார்கள்.

"நீங்க ஏழு மாசத்துல பொறந்தீங்க. ஒண்ணு கத்துச்சு. ஒண்ணு கத்தவும் இல்ல, பாலும் குடிக்கல. தங்காதுன்னு கருப்பாயி கையை விரிச்சுட்டா. ஒம்பதாம் நாளு உங்கம்மா அதை எனக்குத் தவிட்டுக்கு வித்தா."

தவிட்டுக்கு விற்பது பழைய வழக்கம். பிழைக்காது என்று தோன்றும் பிள்ளையைப் பெற்றவள் ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொருத்தியிடம் விற்றுவிடுவாள். அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆனதும் எமன் வழி தவறிப் போய்விடுவான் என்று நம்பிக்கை. பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். ஆனால் சொல்லளவில் பிள்ளை வாங்கினவளுடையது.

"தோட்டத்துல ஏது தவிடு?" என்றாள் தனலெட்சுமி. "வர்றதெல்லாம் ரங்கூன் அரிசி, தீட்டி வருது. நான் ஆத்தோரமா நடந்து போயி, பன்னி வளக்கற சீனத் தவுக்கேகிட்டக் கேட்டு ஒரு மொறம் வாங்கியாந்தேன். பன்னித் தவிடுதான். அதுல என்ன? பொழச்சுக்கிட்ட. பேச்சி, நீதான் அது."

"மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"அவரு அப்ப தோட்டத்துக்கு ஆள் கட்ட நாகப்பட்டணம் போயிருந்தாரு. ஆம்பளைங்ககிட்ட இதெல்லாம் சொல்றதில்ல. நான் உன்னத் திருப்பிக் குடுக்கவும் இல்ல, யாரும் கேக்கவும் இல்ல. நீ எனக்கு மக. எனக்கு மகன்னா அவருக்கும் மக. ஞாயித்துக்கெழம கோயில்ல எல்லாத்துக்கும் முன்னால சொல்லிருவேன். உன்னைத் தொட முடியாது."

காளியம்மா கேட்டாள். "அப்ப நான், அத்தை?"

தனலெட்சுமி சேலையில் அப்பியிருந்த ஒட்டுப்புல்லைப் பிடுங்கினாள்.

"உன்னை நான் வாங்கலையே கண்ணு."

"வாங்குனது எதுன்னு தெரியலைன்னு சொல்லிருங்க அத்தை" என்றாள் பேச்சியம்மாள். "ரெண்டுல ஒண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

"அம்மன் முன்னால பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கறது நீ ஒருத்தி. அதுவும் தவிட்டுக்கு. பொய் சொன்னா அதையும் எடுத்துக்குவா."

வந்த வழியே போய்விட்டாள். பேச்சியம்மாள் தப்பித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும்.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணி சொல்றது நெசந்தான்" என்றாள் செல்லம், அடுப்பை ஊதிக்கொண்டு.

"அப்ப காளி?"

செல்லம் மறுபடியும் ஊதினாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பிறகு சோறு போட்டாள். மூன்று பேரும் தின்றார்கள். வெள்ளியும் சனியும் இப்படியே போயின.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் லயம் முழுவதும் கூடியிருந்தது. கங்காணி சலவை வேட்டி கட்டியிருந்தார். ஐயாசாமி இரண்டு இலை மடிப்பையும் தட்டில் வைத்து அம்மன் காலடிக்குக் கொண்டு போகும்போது தனலெட்சுமி முன்னால் வந்தாள். வெட்டுக்காட்டில் சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"தவிடா?" என்றார் கங்காணி.

"ஆமா."

"எந்தத் தவிடு?"

"பன்னித் தவிடு."

ஐயாசாமி கருப்பாயியைப் பார்த்தார். "மொறத்தப் புடிச்சதே நான்தான்" என்றாள் அவள். "செல்லம் புள்ளைய மொறத்துல வச்சா, இவ மூணு தடவ புள்ளைக்கு வெல கேட்டா, மூணாந் தடவ செல்லம் குடுத்தா. மொறையாத்தான் நடந்துச்சு."

"அப்படின்னா பேச்சி உங்களுக்கு மக, கங்காணி" என்றார் ஐயாசாமி. "அதை மாத்த முடியாது."

கங்காணி கொஞ்ச நேரம்தான் யோசித்தார்.

"சரி, பேச்சி மக. காளியக் கட்டிக்கறேன். பூ வேணாம். வேலை மிச்சம்."

சிலர் தலையாட்டினார்கள். மூத்தது யார் என்ற வழக்கும் இதோடு தீர்ந்தது என்று ஒருவன் சொன்னான். பேச்சியம்மாள் அக்காள் கையைப் பிடித்துக்கொண்டாள், காளியம்மா கையை உருவிக்கொண்டாள். அப்போது செல்லம் எழுந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு அதுக்குப் பேரு பேச்சி இல்ல."

"என்ன சொல்ற?"

"ஒம்பதாம் நாளு வித்தேன். பதினாறாம் நாளுதான் பேரு வச்சேன். அதுக்குள்ள வித்ததும் பால் குடிக்க ஆரம்பிச்சிருச்சு, விக்காததுக்கு வயித்தால போச்சு. ரெண்டும் ஒண்ணு போல எளைச்சுக் கெடந்துச்சு. எதை எடுத்துக் காளின்னு கூப்பிட்டேன், எதைப் பேச்சின்னு கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது."

"நீதானே செல்லம் சொன்ன" என்றாள் தனலெட்சுமி. "வாங்கினது பேச்சின்னு நீதானே என்கிட்டச் சொன்ன?"

"சொன்னேன் அண்ணி. நீங்க ஆசையாக் கேட்டீங்க. ஏதாவது ஒண்ணக் காட்டணுமேன்னு காட்டினேன்."

தனலெட்சுமியால் மறுக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செல்லம் சொன்னதுதான்.

"சத்தியம் பண்ணுவியா?" என்றார் கங்காணி.

ஐயாசாமி தட்டில் கற்பூரம் ஏற்றினார். செல்லம் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தாள். கை சுட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அது பொய்ச் சத்தியம். செல்லத்துக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். இருட்டில் ஒன்று சிணுங்கினால் எது என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாள். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று அங்கே ஒரு ஆணாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெண்களை அவர்களில் ஒருவனாலும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை, ஆகவே யாராலும் முடியாது என்று நம்பினார்கள். தனலெட்சுமியைத் தவிர, அங்கே நின்ற பெண்கள் எல்லோருக்கும் புரிந்தது. கருப்பாயி தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப பூக்கட்டிப் பாரு பூசாரி" என்றார் கங்காணி. "மக எதுன்னு அம்மனே சொல்லட்டும்."

"அது ஆவாது கங்காணி."

"ஏன் ஆவாது?"

"எவளக் கட்டலாம்னு கேட்டா அம்மன் சொல்லுவா. என் மக எவ, எனக்குத் தெரியல, மத்தவளக் கட்டிக்கறேன்னு எந்த அப்பனாவது வந்து கேப்பானா? பூவைத் தப்பா எடுத்துட்டா என்ன ஆவும்? தோட்டத்துக்கே மாரி வந்து எறங்கும். நான் பூவைத் தொட மாட்டேன்."

மாரி இறங்குவது என்றால் அம்மை; அது காதில் விழுந்ததும் கூட்டம் கங்காணியைப் பார்த்த பார்வை மாறியது. இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். கங்காணி அம்மனைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வரும் வழியில் தனலெட்சுமி வேகமாக நடந்து வந்து செல்லத்தைப் பிடித்தாள். பெண்கள் இரண்டு பேரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நெசமாவே தெரியாதா செல்லம்? என்கிட்ட மட்டும் சொல்லு."

சொன்னால் தனலெட்சுமி மறைக்க மாட்டாள். அவள் பொய் சொல்லாதவள்.

"தெரியாது அண்ணி."

"பன்னித் தொழுவம் வரைக்கும் நடந்து போயி வாங்கியாந்தேன்."

"ஆமா அண்ணி."

தனலெட்சுமி அங்கேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேச்சியம்மாளைத் தனியாக எதற்கும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே புட்டாவில் இரண்டு சேலை அனுப்பினாள். ஆனால் செல்லத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். செல்லம் அதற்கு வருத்தப்பட்டாள். வேறு வழி இருந்ததா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி இரண்டு பேரையும் மலை நிரைக்குப் போட்டார். செங்குத்தான இடம். மழை பெய்தால் வழுக்கும். பால் வாளியோடு இறங்குவதற்குள் மற்றவர்கள் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"சொந்த மகளயா மலைக்கு அனுப்பறீங்க கங்காணி?" என்றாள் கருப்பாயி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"எது என் மக?"

"எங்களுக்கும் அதான் தெரியல."

வரிசையில் யாரோ இருமினார்கள். கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

காளியம்மா அந்த மலையில் ஆறு வருஷம் பால் வெட்டினாள். இடது முழங்கால் போயிற்று. ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டவர்களிடம் மலையைக் காட்டினாள். குறையாகச் சொல்லவில்லை.